புல்வெட்டி நிலத்தைச் சுரண்டாதிருக்க

புல்லை வெட்டுவதற்காக இறக்கிய இயந்திரம் புல்லோடு மண்ணையும் சீவி எடுத்துச் செல்வதை அங்கத்தினர்கள் பலர் கண்டிருப்பர். மேட்டின் உச்சியில் ஒரு வழுக்கை தெரியும். சக்கரம் பள்ளத்தில் இறங்கிய இடத்தருகே பிறை வடிவில் ஒரு வெட்டுத் தெரியும். ஓட்டியவர் கவனக்குறைவே காரணம் என்பார் நிலத்துக்குரியவர். நிலம் இப்படி மேடும் பள்ளமுமாகக் கிடந்தால் நான் என்ன செய்வேன் என்பார் ஓட்டியவர். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் குற்றத்தின் பெரும்பகுதி, இயந்திரத்தின் அடியில் கத்திகளை மூடிக்கொண்டு தொங்கும் இரும்புத் தட்டைச் சார்ந்தது. அத்தட்டை நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே திருத்திக்கொள்ள இயலும். திருத்தும் முறையையும் அதன் காரணத்தையும் இம்மாதப் பாடத்தில் காண்போம்.

இது தோப்பும் தோட்டமும் வைத்திருப்போருக்குரிய பாடம் என்று நெசவாள அங்கத்தினர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. புல்வெட்டும் இயந்திரம் பிறந்ததே துணித் தொழிலிலிருந்துதான். இங்கிலாந்தில் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்து ஸ்ட்ரௌட் நகரம் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்றது. அதன் அருகிலுள்ள திரப் என்னும் ஊரில் எட்வின் பட்டிங் என்ற இயந்திர வினைஞர் வாழ்ந்தார். நெய்து முடிந்த கம்பளித் துணியின் மேல் எழும் நுண்மயிரைச் சுழலும் கத்தி உருளையால் ஒரே சமமாகக் கத்தரிக்கும் இயந்திரம் அப்பகுதி ஆலைகளில் வழக்கிலிருந்தது. துணியின் மயிரைக் கத்தரிக்கும் கத்தி தரையின் புல்லைக் கத்தரிக்கலாகாதா என்று அவர் எண்ணினார். 1830ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள் அவருடைய புல்வெட்டிக்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் வெட்டு அகலம் 19 அங்குலம். அதற்குமுன் புல்தரை வைத்திருந்த செல்வர்கள் நீண்ட அரிவாள் வீசும் ஆட்களையோ ஆட்டு மந்தையையோ நம்பியிருந்தார்கள்.

இவ்வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்றுண்டு. துணி கத்தரிக்கும் இயந்திரத்தில், கத்தி எவ்விடத்தில் தொடுகின்றதோ அவ்விடத்துக்கு நேர் கீழே துணியைத் தாங்கும் படுகை இருக்கும். ஆதலால் துணி ஒருகாலும் கத்திக்குள் எழும்பாது. பட்டிங்கும் தமது புல்வெட்டியில் வெட்டும் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கத்திக்கு அருகிலேயே ஓர் உருளையை அமைத்தார். அவ்வுருளை தரையைத் தொட்டுக்கொண்டு செல்லும்; தரை ஏறினால் கத்தியும் ஏறும். பின்னாளில் கத்திகள் தரைக்கு இணையாகச் சுழலும் இயந்திரங்கள் தோன்றின. மனிதர் ஏறி அமர்ந்து ஓட்டும் பெரிய இயந்திரங்களும் வந்தன. அப்பொழுது தாங்கும் சக்கரம் ஓரிடத்திலும் வெட்டும் கத்தி வேறோரிடத்திலுமாக விலகிப்போயின. மண்ணைச் சுரண்டும் தொல்லை இவ்விலகலிலிருந்து தொடங்கிற்று.

ஏறி ஓட்டும் புல்வெட்டி, அமெரிக்கா போன்ற நாடுகளின் வீட்டுப் புல்தரைகளுக்கென்றே வளர்ந்த கருவி. முன்னிரு சக்கரங்களுக்கும் பின்னிரு சக்கரங்களுக்கும் இடையே, வயிற்றுப்புறத்தில், கவிழ்த்த தாம்பாளம்போல் ஒரு தட்டுத் தொங்கும். அதனுள் இரண்டு அல்லது மூன்று கத்திகள் சுழலும். பட்டறைக்காரர்கள் இதனை ‘டெக்’ என்பர். நாம் வெட்டுத்தட்டு என்போம். நம் தென்னந்தோப்புகளில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ரோட்டரி ஸ்லாஷரும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒன்றுக்குச் சொல்லும் இயல்கணக்கு மற்றதற்கும் பொருந்தும்.

சுரண்டினால் என்ன, புல்தானே, மீண்டும் முளைக்காதா என்று வினவுவோர் உளர். புல்லின் வளரும் நுனி இலையின் மேற்பகுதியில் இல்லை. மண்ணை ஒட்டிய குருத்தடியில் உள்ளது. மேல் இலை போனால் புல் விரைவில் தழைக்கும். குருத்தடி போயிற்றெனில் அவ்விடம் வெறுமண்ணாகும். வெறுமண்ணில் முதலில் குடியேறுவது நாம் விரும்பும் புல்லன்று, பார்த்தீனியமும் கோரையுமே. சரிவான தோப்பாயின் மழைநீர் அந்த வழுக்கையிலிருந்துதான் மண்ணைக் கரைக்கத் தொடங்கும். உழுவதை விடுத்து வெட்டத் தலைப்பட்டதே மண்ணை மூடி வைப்பதற்கும் மேல்வேரைக் காப்பதற்கும் அல்லவா? வெட்டும் கருவியே மண்ணைத் திறந்துவிட்டால் டீசலுக்குக் கொடுத்த பணத்தால் நாம் வாங்கியது யாது? கத்தி மழுங்குவதும், கல்லில் அடிபட்டுச் சுழல்தண்டு வளைவதும் இதன்மேல் ஏறும் செலவு.

இனி அளவுக்கு வருவோம். தட்டின் அகலத்துக்குச் சமமான நீளத்தில், கோணலற்ற மரச்சட்டம் ஒன்று எடுத்துக்கொள்க. அதை நிலத்தில் இயந்திரம் செல்லும் திசைக்குக் குறுக்காக வைத்துப் பார்க்க. மேடான இடத்தில் சட்டத்தின் நடுப்பகுதி மண்ணில் தட்டி, முனைகள் அந்தரத்தில் நிற்கும். இருமுனைகளையும் சம அளவாக நிறுத்தி, ஒரு முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் மேட்டின் எழுச்சி தெரியும். நிலத்தின் பல பாகங்களிலும் 20 இடமேனும் இவ்வாறு அளந்து, மிகப்பெரிய எழுச்சியைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தட்டு 120 செ.மீ. அகலம் எனவும், அதன் இருமுனைகளிலும் தாங்கல் உள்ளது எனவும், நடுவில் மேடு 4 செ.மீ. எழுகிறது எனவும் கொள்வோம். 6 செ.மீ. உயரத்தில் வெட்டும்படி வைத்தால் மேட்டின் உச்சியில் எஞ்சுவது 2 செ.மீ. புல்லே. 4 செ.மீ. உயரத்தில் வைத்தால் கத்தி மண்ணைத் தொட்டுவிடும். இப்பொழுது அதே தட்டின் நடுவில் இன்னொரு தாங்கல் கொடுப்போம். தாங்கலுக்கும் தாங்கலுக்கும் உள்ள தொலைவு 60 செ.மீ. ஆகும். தொலைவு பாதியானால் மேடும் பாதியாகும் என்று தோன்றும். உண்மையில் அது நான்கில் ஒரு பங்காகிறது. ஒரே சீரான வளைவில், 120 செ.மீ. தொலைவுக்குள் 4 செ.மீ. எழும் மேடு, 60 செ.மீ. தொலைவுக்குள் 1 செ.மீ.தான் எழும். நடுவில் வைக்கும் ஒரு சிறு உருளை எவ்வளவு காரியம் செய்யும் என்பதற்கு இக்கணக்கே சான்று. ஐயமுடையோர் ஒரு பானையின் வயிற்றில் நீண்ட குச்சியையும் குட்டைக் குச்சியையும் வைத்துப் பார்க்கலாம்.

பள்ளத்தின் கணக்கு வேறு. இயந்திரத்தின் இரு சக்கரங்களுக்கும் இடையே 80 செ.மீ. இருக்கிறது, தட்டு இருபுறமும் 20 செ.மீ. வெளியே நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்புறச் சக்கரங்கள் 6 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் தட்டின் இடமுனை 6 அன்று, ஏழரை செ.மீ. இறங்கும். அம்முனைக்குக் கீழே பள்ளம் இல்லாமல் சமதரையே இருக்குமாயின், 6 செ.மீ. உயரத்தில் வைத்த கத்தி ஒன்றரை செ.மீ. ஆழம் மண்ணுக்குள் புகுந்துவிடும். பிறை வடிவ வெட்டு இவ்வாறே விழுகிறது. சக்கரத்துக்கு வெளியே தட்டு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு அபாயம். அகலமான தட்டு விரைவாக வேலை முடிக்கும் என்று வாங்குவோர், தம் நிலத்தின் முகத்தைப் பார்த்தபின் விலை பேசுவது நலம். மேடுபள்ளம் மிகுந்த இடத்தில் குறுகிய தட்டே சிக்கனம் என்பது நம் கருத்து.

தட்டில் கை வைக்குமுன் இருப்பதைச் சரிபார்த்தல் வேண்டும். இயந்திரத்தைச் சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்துக. நான்கு டயர்களிலும் கையேட்டில் கண்ட காற்றழுத்தம் இருக்கிறதா என்று பார்க்க. ஒரு டயர் தளர்ந்திருப்பின் தட்டு முழுவதும் அப்பக்கம் சாயும். சாய்வுக்காகத் தட்டைக் குறை கூறிப் பயனில்லை. பின்னர்க் கத்தியின் நுனியிலிருந்து தரைக்கு உள்ள உயரத்தை இடமும் வலமும் அளந்து சமமாக்குக. முன்நுனி பின்நுனியைவிடச் சற்றுத் தாழ்ந்திருத்தல் வேண்டும். ஏறி ஓட்டும் புல்வெட்டியில் 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை போதும். அளவுக்கு மீறி முன்பக்கம் குனிந்திருந்தால் தட்டு மேட்டை முகத்தால் முட்டும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தாழ வெட்டினால் அடுத்த வெட்டுக்கு நாளாகும், ஒரு முறை கூலி மிச்சம் என்பது பரவலான நம்பிக்கை. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே தடவையில் வெட்டலாகாது என்பது புல்தரை வளர்ப்போர் யாவரும் ஒப்புக்கொண்ட விதி. அதற்குமேல் வெட்டினால் புல் தளர்ந்து, களை முந்திக்கொள்ளும். மிச்சமான கூலி களையெடுப்பில் போய்விடும். உயர நெம்புகோலை ஒரு படி ஏற்றுவதற்குக் காசு செலவில்லை. சுரண்டலில் பாதி அந்த ஒரு படியில் ஒழிந்துவிடுவதும் உண்டு. அதுவும் போதாதபோதுதான் பட்டறைக்குச் செல்ல வேண்டும்.

பட்டறையில் முதலில் பார்க்க வேண்டியது தட்டு எவ்வாறு தொங்குகிறது என்பதையே. தறியில் விழுது கயிற்றில் தொங்குகிறது. கயிறு விழுதை மேலே இழுக்கும், கீழே தள்ளாது. கீழிருந்து கை கொடுத்துத் தூக்கினால் விழுது தடையின்றி மேலேறும், கயிறு தொய்ந்து கொடுக்கும். வெட்டுத்தட்டும் அவ்வாறே தொங்குதல் வேண்டும். குறித்த உயரத்துக்குக் கீழே இறங்காதபடி தடை வேண்டும். மேலே எழும்புவதற்குத் தடையே கூடாது. தொங்கு கம்பிகளில் நீள்துளை வைத்திருப்பதும் சில இயந்திரங்களில் சங்கிலி வைத்திருப்பதும் இதற்காகவே. நீள்துளையில் துரு ஏறி இறுகினாலும், முன்பு எவரேனும் ‘ஆடுகிறது’ என்று போல்ட்டை முறுக்கி அசையாமல் செய்திருந்தாலும், தட்டுக்கு எத்தனை சக்கரம் வைத்தாலும் பயன் விளையாது. சக்கரம் மேட்டில் ஏறும்போது தட்டைத் தூக்க மாட்டாமல் இயந்திரத்தின் முழுப் பாரத்தையும் தாங்கி முறியும். ஆதலால் துருவை நீக்கிக் கிரீசு இட்டு, தட்டின் ஒவ்வொரு முனையையும் கையால் தூக்கிப் பார்த்துத் தாராளமாக எழும்புகிறது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே வெல்டிங்கைத் தொடங்கலாம்.

இனிச் சக்கரங்கள். தட்டின் முன்னிரு மூலைகளிலும் பின்னிரு மூலைகளிலும் ஒவ்வொன்று. முன் விளிம்பின் நடுவில் ஒரு குட்டை உருளை. முன்நடு உருளையே நாம் மேலே கணக்கிட்ட தாங்கல். கத்தி மேட்டை அடையுமுன் அது மேட்டில் ஏறித் தட்டைத் தூக்கிவிடும். 7 அல்லது 8 செ.மீ. விட்டமுள்ள கெட்டியான நைலான் உருளை தகும். மூலைச் சக்கரங்கள் தட்டின் வெளிவிளிம்பை ஒட்டியே இருத்தல் வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் வெளியே நீண்ட பகுதிக்குக் காவல் இல்லை.

சக்கரங்கள் எந்நேரமும் தரையில் உருள வேண்டும் என்று கருதுவது தவறு. வெட்டும் உயரத்தில் தட்டை நிறுத்தியபின், சமதரையில் சக்கரத்துக்கும் மண்ணுக்கும் இடையே 6 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். மேடு வரும்போது மட்டும் அது தொட்டால் போதும். எப்பொழுதும் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரம் திரும்பும்போது பக்கவாட்டில் இழுபட்டுப் புல்லை வேரோடு உரித்துவிடும். கத்திக்கு முன்னால் செல்லும் சக்கரமாயின் புல்லை மிதித்துச் சாய்த்து வெட்டுப்படாத கோடு ஒன்றையும் விட்டுச் செல்லும். வெட்டும் உயரத்தை மாற்றும்போதெல்லாம் சக்கரத்தின் உயரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். எனவே தாங்கு பட்டையில் ஒரே துளையாக இடாமல், ஒன்றரை செ.மீ. இடைவெளியில் மூன்று நான்கு துளைகள் இட்டு வைப்பது அறிவுடைமை.

தட்டின் தகடு பெரும்பாலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனமே உடையது. அதன்மேல் நேராகத் தாங்கு பட்டையை வெல்டிங் செய்தால் சில வாரங்களில் தகடு கிழியும். உள்ளங்கை அகலமான 5 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை முதலில் அடிப்பட்டையாக வைத்து, அதன்மேல் தாங்கியைப் பொருத்துக. போல்ட்டு வைப்பதாயின் உருண்டைத் தலை உட்புறமும் நட்டு வெளிப்புறமும் இருக்க வேண்டும். மாறாக வைத்தால் நட்டும் மரையும் கத்தி செல்லும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். வெல்டிங் செய்யுமுன் பேட்டரியின் இணைப்பையும் தீப்பொறிச் செருகியின் கம்பியையும் கழற்றிவிடல் இன்றியமையாதது. வேலை முடிந்தபின் கெட்டியான கையுறை அணிந்து கத்திகளைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்து, எவ்விடத்தும் உரசாமை கண்டபின்னரே கம்பியை மாட்டுக.

கல் நிறைந்த கரட்டு நிலத்துக்குச் சக்கரத்தினும் சறுக்கு நல்லது. பனிநாட்டு வண்டியின் அடிக்கட்டைபோல் இருமுனையும் மேல்நோக்கி வளைத்த பட்டை இரும்பே சறுக்கு. அது சேற்றில் அடைபடாது. ஆனால் குறுகத் திருப்பினால் புல்லை வழித்துவிடும் என்பதால் அழகுப் புல்தரைக்கு ஆகாது.

தென்னந்தோப்பு ஸ்லாஷருக்குத் தனியே சில சொற்கள் சொல்ல வேண்டியுள்ளது. இதில் சறுக்குகள் இருபுறமும் உண்டு. பின்னால் உயரம் மாற்றக்கூடிய ஒரு சக்கரமும் பலவற்றில் உண்டு. நல்ல ஸ்லாஷரில் கத்திகள் நேரே தண்டில் மாட்டப்படாமல், வட்டமான ஒரு கிண்ணத்தின் விளிம்பில் ஊசலாடும்படி மாட்டப்பட்டிருக்கும். கிண்ணம் மட்டைக்கட்டையின்மீதும் மேட்டின்மீதும் வழுக்கிச் செல்லும். கத்தி கல்லில் பட்டால் மடங்கிக் கொடுக்கும். வாங்குவோர் இதைக் குனிந்து பார்த்து வாங்குக.

இதில் சுரண்டலுக்கு முதற்காரணம் மேல் இணைப்புத் தண்டு. டிராக்டரின் கீழிரு கைகளும் ஸ்லாஷரைத் தூக்குவன, அழுத்துவன அல்ல. ஆனால் மேல் தண்டு இறுகியிருந்தால் டிராக்டரும் ஸ்லாஷரும் ஒரே பலகைபோல் ஆகிவிடும். டிராக்டரின் முன்சக்கரம் வாய்க்கால் கரையில் ஏறும்போது ஸ்லாஷரின் பின்புறம் மண்ணில் குத்தும். இறங்கும்போது முன்புறம் குத்தும். மேல் தண்டு சேருமிடத்தில் முன்னும் பின்னும் ஆடும் தாங்கியோ நீள்துளையோ அமைத்தால் இத்தொல்லை நீங்கும். சிலர் தண்டுக்குப் பதில் சங்கிலி மாட்டுகின்றனர். அது மலிவே, எனினும் குழியில் துள்ளும்போது ஸ்லாஷர் முன்னால் மடங்கிப் பி.டி.ஓ. தண்டில் மோத இடமுண்டு. ஆகவே தடை வைத்த ஆடுதாங்கியையே நாம் பரிந்துரைப்போம். ஸ்லாஷரின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஒன்று முதல் இரண்டரை செ.மீ. வரை தாழ்ந்திருக்கலாம்.

ஏழரை மீட்டர் இடைவெளியில் வைத்த தோப்பில், மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி விட்டால், வரிசைகளுக்கு நடுவே எஞ்சுவது 3.9 மீட்டர். ஒன்றரை மீட்டர் ஸ்லாஷருக்கு அது மூன்று ஓட்டம். தென்னை வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டர் வட்டத்துக்குள் இருப்பதால், பாத்திக் கரையின்மேல் ஏறி அரை ஓட்டத்தை மிச்சப்படுத்த முயல்வது வேருக்கும் கேடு, கத்திக்கும் கேடு. பாத்தி ஓரத்தைத் தோளில் மாட்டும் சிறு புல்வெட்டிக்கு விட்டுவிடுக. சொட்டுநீர்க் குழாய் தரைமேல் கிடந்தால் அதற்குரிய விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

அபாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. 50 செ.மீ. நீளமுள்ள கத்தி நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் அதன் நுனி மணிக்கு சுமார் 280 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. மண்ணைச் சுரண்டும் கத்தி மண்ணோடு கல்லையும் அந்த வேகத்தில் வீசும். தட்டைத் திருத்துகிறோம் என்று பக்கவாட்டு மூடியையும் தொங்கு சங்கிலித் திரையையும் கழற்றி மூலையில் போட்டுவிடும் பழக்கம் கொடியது. வெட்டும் இடத்தில் குழந்தைகளும் கால்நடைகளும் இருத்தல் கூடாது.

நிலத்தையும் சிறிது சிறிதாகத் திருத்தலாம். பள்ளத்தில் ஒரு தடவைக்கு ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. கனத்துக்குமேல் மண் இடாதிருந்தால் புல் அதனூடே எழுந்து வந்துவிடும். பிறகு அடுத்த அடுக்கு. ஈரம் காயாத நிலத்தில் இயந்திரத்தை இறக்கினால் ஆண்டு முழுவதும் நிரவிய வேலையைச் சக்கரத்தடம் ஒரு மணியில் குலைத்துவிடும்.

வாடகைக்கு இயந்திரம் விடும் சங்கங்களில் இவ்விஷயம் இன்னும் சிக்கலானது. ஒரே தட்டு இன்று ஒரு தோப்பிலும் நாளை வேறொரு தோப்பிலும் இறங்குகிறது. ஏக்கர் கணக்கில் கூலி பெறும் ஓட்டுநர் விரைந்து முடிக்கவே பார்ப்பார். விரைவில் தட்டுத் துள்ளும். மணிக் கணக்கில் வாடகை கட்டும் அங்கத்தினரோ தாழ வெட்டச் சொல்வார். நாம் மேலே கூறிய மரச்சட்டத்தை இயந்திரத்தோடு கட்டி அனுப்பிவிடுவதே இதற்கு எளிய வழி. வேலை தொடங்குமுன் ஓட்டுநரும் நிலத்துக்குரியவரும் கூடி நான்கைந்து மேடுகளை அளந்து, வெட்டும் உயரத்தை வாடகைச் சீட்டில் எழுதி இருவரும் கையொப்பமிடுக. சீட்டின் மறுபுறத்தில் டயர்க் காற்று, கத்தியின் நிலை, உருளைச் சக்கரங்கள் சுழல்கின்றனவா என்னும் மூன்றையும் குறிப்பதற்கு இடம் விட்டு அச்சிட்டால், இயந்திரம் திரும்பி வரும்போது காரியதரிசி அதைப் பார்த்தே அடுத்தவருக்கு அனுப்பலாமா, பட்டறைக்கு அனுப்ப வேண்டுமா என்று தீர்மானித்துக்கொள்வார்.